வெள்ளைக் காக்கட்டூவுக்குக் கூண்டு கட்டுதல்: கம்பி, நாதாங்கி, கட்டை, முதல் எட்டு வாரம்

கொண்டை வைத்த கிளி இனமான காக்கட்டூவின் அலகைப் பல்லாக நினைத்துக் கூண்டு கட்டினால் ஏமாந்துபோவோம். அது ஒரு கருவிப்பெட்டி. மேலலகின் நுனி கொக்கி, கீழலகு உளி, நடுவில் தடித்த நாக்கு பொருளைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொடுக்கும். பச்சைக்கிளிக் கூண்டையே கொஞ்சம் பெரிதாகச் செய்து இந்தப் பறவையை விட்டால் முதல் வாரத்திலேயே கிண்ணம் கவிழும், நாதாங்கி திறக்கும், பற்றுவிட்ட கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கழற்ற முடியாதபடி கூண்டைக் கட்டுவது பாதி வேலை. தினமும் உடைத்துப்போட வேறொன்றைக் கொடுப்பது மறுபாதி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கூண்டும் நிற்காது, பறவையின் இறகும் நிற்காது.

கீழே உள்ள அளவுகள் 600 கிராம் எடையுள்ள ஒரு வெள்ளைக் காக்கட்டூவுக்கானவை; அம்ப்ரெல்லா காக்கட்டூ என்பதும் இதுதான். இந்தோனேசியாவின் ஹல்மஹேரா தீவுப் பக்கத்துப் பறவை. தலை முதல் வால் வரை சுமார் 46 செ.மீ. கோஃபின், காலா போன்ற 300 கிராம் அளவுள்ள வகைகளுக்குக் கம்பி இடைவெளியை 20 மி.மீ. ஆக்கிக்கொள்ள வேண்டும். செம்மஞ்சள் கொண்டை கொண்ட மொலுக்கன் காக்கட்டூ இன்னும் பலசாலி; அதற்குக் கம்பி 6 மி.மீ. தடிமன் இருக்கட்டும்.

எத்தனை ஆண்டுக்குக் கட்டுகிறோம் என்பதையும் முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு உயிரியல் பூங்காவில் இருந்த குக்கி என்ற மேஜர் மிட்செல் காக்கட்டூ 2016இல் இறந்தபோது அதற்கு வயது 83. எல்லாப் பறவையும் அவ்வளவு காலம் இருக்காது என்றாலும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாற்பது, ஐம்பது ஆண்டு சாதாரணம். எனவே இந்தக் கூண்டு ஒரே உருப்படியாக வெல்டிங் செய்த பெட்டி அல்ல. பக்கம் பக்கமாகக் கழற்றி, கெட்டதை மட்டும் மாற்றக்கூடிய ஆறு தட்டிகள்.

உலோகம்

ஜிஐ வெல்டு மெஷ் வேண்டாம். ஜிஐ என்பது இரும்பின் மேல் ஏற்றிய துத்தநாகப் பூச்சு. வலையை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும்போது கம்பி சேரும் மூலைகளில் சின்னச் சின்னச் சொட்டாக உறைந்து நிற்கும். ஈரம் பட்டால் மேலே வெள்ளைப் பொடி கிளம்பும். காக்கட்டூ கம்பியில் ஏறுவதே அலகால் கவ்விக்கவ்வித்தான். சொட்டும் பொடியும் நேரே வயிற்றுக்குப் போகும். இரைப்பையில் தங்கிய துண்டு அமிலத்தில் கரைந்துகொண்டே இருக்கும். சோர்வு, வாந்தி, தண்ணீராகப் பெருகும் எச்சம், சில பறவைகளில் இறகு பிடுங்குதல் என்று தெரியவரும். எக்ஸ்ரேயில் உலோகத் துண்டு தெரியும், ரத்தப் பரிசோதனையில் அளவு தெரியும். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் ஊசியைப் பறவை மருத்துவர்தான் போட வேண்டும். புது வலையை வினிகர் ஊற்றிக் கடினமான பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளைப் பொடி போகும், தளர்ந்த சொட்டும் போகும், பூச்சு அங்கேயேதான் இருக்கும். சின்னப் பறவைகளுக்கு அந்தச் சமாளிப்பு உண்டு. காக்கட்டூவின் அலகுக்கு முன்னால் அது செல்லாது.

பவுடர் கோட்டிங், அதாவது பொடி வண்ணத்தைச் சூட்டில் இறுக்கிய பூச்சு உள்ள கூண்டும் இந்தப் பறவைக்குச் சரிவராது. ஒரு வெல்டிங் முனையில் பூச்சு பெயர்ந்தால் போதும், அங்கிருந்து பட்டை பட்டையாக உரிக்கும். உரித்த பிறகு கீழே வெறும் இரும்பு, அதில் துரு.

மிஞ்சுவது 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது பாதி சோதனைதான். ஜிஐ கம்பியில் காந்தம் ‘டப்’பென்று ஒட்டும். ஆனால் 202 தர ஸ்டெயின்லெஸும் 304 போலவே பெரும்பாலும் ஒட்டாது; 304 கம்பியையே சூடில்லாமல் இழுத்து மெலிதாக்கினால் லேசான ஈர்ப்பு வந்துவிடும். ஆகவே ஜிஐ இல்லை என்பதை மட்டும் காந்தம் சொல்லும். தரத்தைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

சட்டமும் கம்பியும்

அகலம் 120, ஆழம் 90, உயரம் 150 செ.மீ. பறவை நடுக்கட்டையில் நின்று இரு சிறகையும் முழுக்க விரித்தாலும் கம்பியில் படக்கூடாது என்பதே அளவுக்குக் கணக்கு. மேற்கூரை தட்டையாக இருக்க வேண்டும். கோபுரம் போல வளைத்து உச்சியில் கம்பிகள் ஒன்றுசேரும் கூண்டுகளில், கம்பி நெருங்கும் இடத்தில் கால்விரல் மாட்டிக்கொள்ளும்.

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், சுவர் கனம் 1.5 மி.மீ. கம்பி 5 மி.மீ. உருட்டுக்கம்பி. பின்தட்டியில் குழாய்களுக்கு உள்ளே 1150 மி.மீ. மிஞ்சும், அதில் 37 கம்பி, 38 இடைவெளி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25.4 மி.மீ. பட்டறைகளில் வழக்கமாக ஒரு 25 மி.மீ. துண்டுக் குழாயை இடையில் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து கம்பியைத் தள்ளித்தள்ளிப் பற்றுவைத்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றிலும் விட்ட அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பாக்கி, கடைசி இடைவெளியில் மொத்தமாக வந்து நிற்கும்: அது 40 மி.மீ. ஆகிவிடும். தலை நுழையும், திரும்ப வராது. குழாயில் முதலில் 37 இடத்திலும் மையக்குறி போட்டுவிட்டு, நடுக்கம்பியிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பற்றுவையுங்கள். சூட்டில் சட்டம் ஒரு பக்கமாகக் கோணுவதும் இதனால் குறையும்.

பக்கத் தட்டிகள் இரண்டிலும் கம்பி படுக்கையாக வரட்டும், ஒவ்வொன்றிலும் 47. பறவை ஏறி இறங்குவது அதில்தான். நீளமான 5 மி.மீ. கம்பி தனியே விட்டால் வில்லாக வளையும். இரண்டு கம்பிக்கு நடுவில் அலகை விட்டு அகட்டினால் 25 மி.மீ. என்பது 35 ஆகும். இதைத் தடுக்கப் பக்கத் தட்டிக்கு நடுவில் ஒன்று, பின்தட்டிக்கும் முன்தட்டிக்கும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒவ்வொன்று என 20×3 மி.மீ. பட்டை வைத்து, ஒவ்வொரு கம்பியையும் அதனோடு பற்றுவைக்க வேண்டும். பட்டை கூண்டின் வெளிப்புறம் இருக்கட்டும்.

வெல்டிங் ஆர்கன் வாயுவில், 308எல் நிரப்புக்கம்பியோடு. சாதாரண ராடு வெல்டிங்கில் தெறிக்கும் துளிகள் கம்பியில் மணலாக ஒட்டிக்கொள்ளும், கசடும் இடுக்கில் நிற்கும். வேலை முடிந்ததும் நீலமும் பழுப்புமாக ஏறிய நிறத்தைப் பிக்லிங் பேஸ்ட் போட்டு எடுக்கலாம். அது கடுமையான அமிலம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது, பிறகு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கடைசிச் சோதனைக்கு ஒரு பஞ்சு உருண்டை போதும். அதை ஒவ்வொரு பற்றின் மேலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே ஒரு முள் இருக்கிறது. அரத்தால் தேய்த்து, பஞ்சு வழுக்கிப்போகும்வரை விடாதீர்கள். விரலுக்குத் தெரியாத முள் பறவையின் நாக்குக்குத் தெரியும்.

தட்டிகளைச் சேர்க்க எம்6, 65 மி.மீ. நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் போல்ட். விளிம்புக்கு 4 வீதம் 12 விளிம்புக்கு 48. மழுங்கிய தலையுள்ள ஆலன் போல்ட்டாக இருக்கட்டும், தலை கூண்டுக்குள், நட்டு வெளியே. தலைகீழாகப் போட்டால் அலகுக்கு எட்டும் இடத்தில் நட்டு நிற்கும். கையால் இறுக்கிய நட்டைக் காக்கட்டூ நாக்காலேயே திருப்பிவிடும். முழுக்கூண்டாக வெல்டிங் செய்துவிட்டு அறைக் கதவில் நுழையாமல் நின்ற கூண்டுகள் ஏராளம். தட்டியாகச் செய்வதன் இரண்டாவது பலன் அது.

கதவும் நாதாங்கியும்

2013இல் வியன்னா ஆய்வாளர்கள் கோஃபின் காக்கட்டூகளுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கொட்டை, வெளியே ஐந்து பூட்டு: ஊசியை இழுக்க வேண்டும், திருகைக் கழற்ற வேண்டும், தாழை நகர்த்த வேண்டும், சக்கரத்தைத் திருப்ப வேண்டும், கடைசியாக நாதாங்கியைத் தள்ள வேண்டும். ஒன்றைத் திறந்தால்தான் அடுத்தது கைகொடுக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பறவை இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் திறந்தது. நம் கூண்டுக் கதவில் இருப்பது ஒரே ஒரு தாழ்ப்பாள்.

பெரிய கதவு 45×60 செ.மீ. கீலின் ஊசியை இரு முனையிலும் பற்றுவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பறவை தாழ்ப்பாளைத் தொடவே தொடாது. கீல் ஊசியை மேலே தள்ளிக் கதவைப் பின்பக்கமாகத் திறந்துவிடும். தாழ்ப்பாள் கதவின் விளிம்பிலிருந்து குறைந்தது 8 செ.மீ. தள்ளி, வெளியே ஒரு தகட்டின் மேல் அமையட்டும். கம்பி இடுக்கில் நீளும் அலகு அங்கே எட்டாது. அதில் ஸ்டெயின்லெஸ் பூட்டு. பித்தளைப் பூட்டில் துத்தநாகம் கலந்திருக்கிறது, எட்டும் இடத்தில் அது வேண்டாம். சாவி கூண்டின் அருகிலேயே, யார் கைக்கும் கிடைக்கும்படி தொங்க வேண்டும். தீ, புகை என்று ஏதாவது நேர்ந்தால் சாவியைத் தேடக்கூடாது.

நாய்ச் சங்கிலியில் வரும் ஸ்பிரிங் கொக்கியைப் பூட்டுக்குப் பதிலாக மாட்டுவது பெரிய தவறு. பறவை அதைத் திறக்கவும் செய்யும், திறக்கும்போது அலகோ நாக்கோ அதில் மாட்டவும் செய்யும். சாவி வளையமும் அப்படித்தான். பொம்மை தொங்கவிட வேண்டிய இடங்களில் திருகு மூடியுள்ள குவிக்லிங்க் என்னும் இணைப்பு வளையம் போட்டு, ஸ்பேனரால் கால் சுற்று கூடுதலாக இறுக்குங்கள். கைவிரலால் இறுக்கியது ஒரு மதியத்துக்குத் தாங்காது.

உணவுக் கிண்ணங்களுக்கு 15×15 செ.மீ. அளவில் மூன்று தனிக் கதவு. உள்ளே கை நீட்டாமல் வெளியிலிருந்தே கிண்ணத்தை மாற்றலாம். பருவக்கோபத்தில் இருக்கும் பறவையிடம் இது கையைக் காக்கும். கிண்ணம் வளையத்தில் சும்மா உட்கார்ந்தால் தூக்கி எறியும். கிண்ணத்தின் அடியில் ஒரு போல்ட் பற்றுவைத்து, வெளியே நட்டால் இறுக்குவதே நிலைக்கும்.

அடித்தட்டு இழுத்து எடுக்கும்படி 5 செ.மீ. ஆழத்தில், அதற்கு 7 செ.மீ. மேலே சல்லடை. தட்டில் வெறும் செய்தித்தாள் போதும். மக்காச்சோளத் தக்கைத் துகள் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை பறவையின் காற்றுப்பைக்குள் போனால் எடுப்பது கடினம். தாளில் எச்சமும் தெளிவாகத் தெரியும்.

கட்டைகள்

ஒரே தடிமனில் வழுவழுவென்று கடைந்த உருளைக் கட்டையைக் கழற்றி எறியலாம். எப்போதும் ஒரே இடத்தில் எடை விழுவதால் பாதத்தின் அடியில் தோல் மினுங்கும், சிவக்கும், பிறகு புண்ணாகும். இயற்கையான கிளை 3 முதல் 5 செ.மீ. வரை கூடிக்குறைந்து வருவதே அதன் நன்மை. கொய்யா, யூக்கலிப்டஸ், வில்லோ, பாட்டில்பிரஷ் நன்றாக உழைக்கும். அரளிக் கிளை ஒரு துண்டுகூடக் கூடாது, அது உயிரைக் குடிக்கும். மருந்து தெளித்த மரத்தின் கிளையும், எது என்று தெரியாத மரத்தின் கிளையும் வேண்டாம். வெட்டிய கிளையைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பட்டையை உரிக்க வேண்டாம். உரிப்பது பறவையின் வேலை, அதற்கே அரை நாள் போகும்.

பொருத்துவதற்கு இரு முனையும் மரை உள்ள எம்8 ஹேங்கர் போல்ட். கிளையின் வெட்டுமுகத்தில் 6.5 மி.மீ. துளையை 50 மி.மீ. ஆழம் போட்டு, மரத்திருகுப் பக்கத்தை உள்ளே ஏற்றுங்கள். துளை சிறிதானால் கிளை பிளக்கும். பெரிதானால் ஒரு மாதத்தில் கிளை சுழலும், சுழலும் கட்டையில் பறவை தூங்காது. கம்பிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என 40 மி.மீ. விட்டமுள்ள வாஷர், இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடிக்க அந்த அகலம் வேண்டும். வெளியே மூடிய தலையுள்ள நட்டு. இறக்கை நட்டு போட்டால் இடுக்கு வழியே வரும் அலகு நுனி அதைத் தள்ளித்தள்ளிச் சுழற்றும்.

தூங்கும் கட்டை பின்பக்க மூலையில், கூரையிலிருந்து 40 செ.மீ. கீழே, கொண்டையை விரித்தால் கூரையில் உரசக்கூடாது. ஒரு கட்டைக்கு நேர் கீழே இன்னொரு கட்டையோ கிண்ணமோ வந்தால் எச்சம் அதில்தான் விழும். நகத்தைத் தேய்க்கும் சிமென்ட் கட்டை ஒன்று வைக்கலாம், கிண்ணத்தருகே மட்டும். இரவெல்லாம் நிற்கும் இடத்தில் வைத்தால் பாதம் தேயும்.

உடைக்கக் கொடுப்பவை

கூண்டு முடிந்த அன்றே இதற்கும் பட்டறை போட வேண்டும், ஏனென்றால் இது தீராத வேலை. பூச்சு எதுவும் இல்லாத பைன் மரத்தை 5×5×10 செ.மீ. துண்டுகளாக அறுத்து, நடுவில் 10 மி.மீ. துளையிட்டு, ஸ்டெயின்லெஸ் கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். ஆரோக்கியமான பறவை ஒரு துண்டை ஒரு நாளில் சிராயாக்கும். முப்பது துண்டு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். சரக்கு ஏற்றும் பேலட் மரம் பயன்படுத்துவதானால் அதில் சுட்ட முத்திரையைப் பாருங்கள்: ஹெச்.டி. என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது. எம்.பி. மரம், எண்ணெய் கொட்டிய மரம், பச்சை நிறம் ஏறிய பதனிட்ட மரம் மூன்றையும் ஒதுக்குங்கள்.

பருத்திக் கயிற்றுப் பொம்மை மென்மையானது என்று தோன்றும். பிரிந்த இழை கழுத்தையும் காலையும் சுற்றும். விழுங்கிய இழை தீவனப்பையில் பந்தாகி அடைக்கும். கயிறு கொடுத்தால் 5 செ.மீ.க்கு மேல் தொங்கும் இழையை அன்றாடம் கத்தரிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் கயிறே கொடுக்க வேண்டாம். வெட்டுவாய் உள்ள சலங்கை மணியில் கால்நகம் மாட்டும். குழல் மணியின் நாக்கைப் பிடுங்கி விழுங்கிய பறவைகள் உண்டு, அதில் ஈயம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

உணவை ஒளித்துவைப்பதே எல்லாவற்றிலும் நல்ல பொம்மை. முதல் வாரம் கிண்ணத்தின் மேல் காகிதக் கீற்றுகளைப் போட்டு மூடுங்கள். பழகியதும் காகிதக் கோப்பையில் தீவனத்தைப் போட்டு வாயை மடித்துக் கம்பியில் செருகுங்கள். மூன்றாவது வாரம் மரத்துண்டில் 12 மி.மீ. துளையிட்டு, அதில் ஒரு பாதாம் பருப்பை இறுக அடித்து வையுங்கள். அதற்கும் மேல் ஸ்டெயின்லெஸ் தகட்டில் மூன்று போல்ட்டால் மூடிய சிறு பெட்டி. நட்டை முதல் நாள் அரைகுறையாக, பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று கூடுதலாக. தொடக்கத்திலேயே கடினமானதைக் கொடுத்தால் பறவை முயலாது, கத்தும். அதற்காகப் பறவையைப் பட்டினி போட்டுவிடவும் கூடாது: அன்றாட உணவில் கால் பங்குக்கு மேல் ஒளித்துவைப்பது இரண்டாவது மாதத்தில்தான்.

அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாகவே கொடுக்கவும். உடல் நுழையும் இருட்டுப் பெட்டி இந்தப் பறவைக்குக் கூடு. கூடு கிடைத்தால் பருவம் தூண்டப்படும், பெட்டியைக் காக்கக் கடிக்கும், பெட்டை முட்டை மேல் முட்டையிட்டுக் கால்சியம் இழக்கும்.

முதல் எட்டு வாரம்

ஒரு கிராம் துல்லியமுள்ள தராசும், அதன் மேல் நிற்கும் ஒரு டி வடிவக் கட்டையும் கூண்டுக்கு அடுத்தபடி முக்கியமானவை. காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீவனத்துக்கு முன் எடை. 600 கிராம் பறவை 570 ஆனால் கவனம். 540 ஆனால் அன்றே மருத்துவர். காக்கட்டூ நோயை மறைக்கும். இறகை உப்பவைத்து, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். எடைத்தாள் அதைப் பல நாள் முன்பே சொல்லும்.

சூரியகாந்தி விதை மட்டுமே தின்று வளர்ந்த பறவை வந்தால் பெல்லட் எனப்படும் குருணைத் தீவனத்துக்கு மாற்ற நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். விதையில் கொழுப்பு மிகுதி, வைட்டமின் ஏ, கால்சியம் குறைவு. 600 கிராம் பறவைக்குத் தொடக்கக் கணக்கு: பெல்லட் 35 முதல் 45 கிராம், ஏறத்தாழ அதே எடைக்குக் கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி, சிவப்பு குடைமிளகாய், கீரை. விதையை வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறைத்து, கடைசியில் பரிசாக மட்டும் வையுங்கள். மாற்றும் காலத்தில் கிண்ணத்தைப் பார்த்து ஏமாறுவது சுலபம். விதைக் கிண்ணம் நிரம்பித் தெரியும், ஊதினால் வெறும் தோல் பறக்கும். பெல்லட் குறைந்தது போலிருக்கும், அடித்தட்டில் பொடியாகக் கிடக்கும். அவகாடோ, சாக்லெட், காபி, மது, வெங்காயம், பூண்டு, உப்பிட்ட பண்டம் ஒருபோதும் கூடாது. அவகாடோ ஒரு துண்டே இதயத்தைத் தாக்கிக் கொல்லலாம்.

தினமும் தாளைப் பாருங்கள். எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சையோ பழுப்போ ஆன மலம், சுண்ணாம்பு வெள்ளை, சுற்றிலும் தெளிந்த நீர். அந்த வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலை நினைக்க வேண்டும். கிளிக்காய்ச்சலும் அதற்குக் காரணமாகலாம். அது மனிதருக்கும் தொற்றும், பறவைக்கு வழக்கமான டாக்சிசைக்ளின் சிகிச்சை 45 நாள் நீளும்.

அலகின் நிறத்தையும் பாருங்கள். காக்கட்டூவின் உடலில் சில இறகுகள் நுனி உதிர்ந்து மாவாகிக்கொண்டே இருக்கும். பறவை அதை உடலெங்கும் பூசிக்கொள்வதால் கறுத்த அலகும் சாம்பல் படிந்தாற்போல மங்கலாகத் தெரியும். விரலால் ஒரு கோடு இழுத்தால் கோட்டில் கறுப்பு தெரிந்து, மறுநாள் மறைந்துவிட வேண்டும். அலகு எப்போதும் பாலிஷ் போட்டது போலப் பளபளத்தால் அழகென்று விட்டுவிடாதீர்கள். மாவு வரும் இறகே கெட்டிருக்கலாம். அலகு–இறகு நோய் எனப்படும் சர்க்கோவைரஸ் தொற்றின் தொடக்க அடையாளம் அது. ரத்தத்தில் பி.சி.ஆர். பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். வீட்டில் வேறு கிளி இனம் இருந்தால் புதுப் பறவை 45 நாள் தனி அறையில்.

இந்த மாவு அறை முழுக்கப் படியும், தண்ணீரின் மேல் ஏடாக மிதக்கும். தண்ணீரை நாளுக்கு இருமுறை மாற்றி, ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பானை ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். முன்வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள். ஓசோன் விடும் வகை கூடாது. வாரத்தில் மூன்று நாள் காலையில் வெதுவெதுப்பான நீரை மென்மையான தூவலாக, தலைக்கு மேலிருந்து மழை போல விழும்படி அடிக்க வேண்டும். முகத்துக்கு நேரே அடித்தால் பயப்படும். இருட்டுவதற்குள் காய்ந்துவிட வேண்டும்.

கைபடும் இடம் தலையும் கன்னமும் மட்டும். முதுகைத் தடவுவதும், சிறகுக்கடியில் கைவிடுவதும் இந்தப் பறவைக்கு இணை சேரும் சமிக்ஞை. வெள்ளைக் காக்கட்டூ இதை விரும்பிக் கேட்கும், மடியில் குழைந்து படுக்கும். கொடுப்பவர்கள் அன்பால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கைவளர்ப்புப் பறவைகளில் கழிவாய் வெளியே தள்ளும் நோய்க்கு இந்தத் தூண்டுதல் ஒரு காரணம், அதற்கு அறுவை சிகிச்சையே வேண்டியிருக்கலாம். 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் கிடைத்தால் பருவவெறி தணியும்.

விடியலிலும் அந்தியிலும் கத்துவது இதன் இயல்பு, நிறுத்த முடியாது. இடைப்பட்ட நேரக் கத்தலுக்கு ஓடிவந்தாலும் அதட்டினாலும் அது பதில்தான். மெல்லிய குரல் கொடுத்த அந்த நொடியில் பதில் சொல்லிப் பழக்கினால் ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும்.

தினமும் மூன்று மணி நேரமாவது வெளியே விட வேண்டும். அதற்கு முன் மின்விசிறி நிற்க வேண்டும், வாளி நீர் மூடியிருக்க வேண்டும், நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் இருக்கவே கூடாது. அதன் பூச்சு மிகையாகச் சூடேறினால் எழும் புகை வேறு அறையில் இருக்கும் பறவையையும் சில நிமிடங்களில் கொல்லும். காலில் சங்கிலி போடுவது காலை முறிக்கும் வழி.

மாதம் ஒருமுறை

பறவையைப் பயணப்பெட்டியில் விட்டுவிட்டு 48 நட்டையும் ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். பற்றுகளைத் தட்டினால் நல்லது ‘ணங்’ என்னும், விட்டது சத்தமே மங்கும். கட்டைகள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் மாற்றவும். கூண்டைச் சோப்பு நீரில் கழுவி, நீர்த்த பிளீச் அடித்துப் பத்து நிமிடம் விட்டு, வாடை போகும்வரை அலசி உலர்த்துங்கள். முன்பு வினிகர் தேய்த்த இடத்தில் பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். கழற்றிய நட்டு, வாஷர், வெட்டிய கம்பித் துண்டு எல்லாவற்றையும் எண்ணி டப்பாவில் போட்ட பிறகே பறவையைத் திரும்ப விடுங்கள். சல்லடைக்குக் கீழே ஒன்று விழுந்து கிடந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பது பறவைதான்.